மாத்தி வச்சுப் பாருங்க

முக்காட்டுக்குள் ஒயரை விட்டு, இயர்போனின் இரண்டு குமிழ்களையும் காதில் பொருத்திக்கொண்டு பரீதா கண்ணை மூடினாள். புதுப் பெட்டியிலிருந்து பிரித்த மூன்றாவது ஜோடி இது. வலது பக்கம் சுத்தமாக வந்தது. இடது பக்கம், பக்கத்து வீட்டில் யாரோ பேசுகிற மாதிரி மந்தமாக வந்தது. கழற்றி, ஒயரைச் சுருட்டி, கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டியவற்றுக்கென்று வைத்திருந்த பிளாஸ்டிக் கூடையில் போட்டாள். கூடை ஏறக்குறைய நிரம்பிவிட்டது. கல்லாவில் உட்கார்ந்திருந்த தம்பி ஹாஜா எட்டிப் பார்த்து, இதுவுமா லாத்தா என்று கேட்டான். அக்காவை அவன் சின்ன வயதிலிருந்தே லாத்தா என்றுதான் கூப்பிடுவான். இதுவும்தான் என்றாள் பரீதா. அவள் சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அவன் சரக்கு கொண்டுவருகிறவனைத் திட்டிக்கொண்டே போனை எடுத்தான்.

பாண்டிச்சேரி காந்தி வீதியை ஒட்டிய சந்தில் இருந்தது கடை. கடை என்றால் ரொம்பப் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் சந்தில்தான் நிற்க வேண்டும். செல்போன் உறை, சார்ஜர், கண்ணாடி ஒட்டுவது, இயர்போன். பரீதாவின் வீட்டுக்காரர் ஷஃபீக் திடீரென்று மார்வலியில் போய்விட்ட பிறகு, கணவன் இறந்த பெண்கள் இத்தா இருக்கிற அந்த நாலு மாதமும் அவள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. வழக்கம் அது. முடிந்த பிறகும் அவள் வெளியே வரவில்லை. அது வழக்கம் இல்லை. பின்கட்டு அறையில் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அழவும் இல்லை, பேசவும் இல்லை. சோறு வைத்தால் சாப்பிட்டாள், வைக்காவிட்டால் கேட்கவில்லை. பார்க்கச் சகிக்காமல் ஹாஜாதான் ஒருநாள், கடையில ஆள் இல்ல, சும்மா வந்து உக்காரு என்று இழுத்துக்கொண்டு வந்தான். ஸ்டூல் ஒன்றைப் போட்டான். அந்த ஸ்டூலில்தான் மூன்று வருஷமாக அவள் பகல் எல்லாம் கழிகிறது.

சும்மா உட்கார வந்தவளுக்கு இயர்போன் மட்டும் எப்படியோ பிடிபட்டுவிட்டது. ஊரே ஒயர் இல்லாததைக் காதில் செருகிக்கொண்டு பீச் ரோட்டில் தனக்குத்தானே பேசிக்கொண்டு போனாலும், ஒயர் வைத்ததைக் கேட்டு வருகிறவர்களும் வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஒற்றைக் குமிழைத் தொலைத்தவர்கள், சார்ஜ் போட மறக்கிறவர்கள், பிரான்ஸில் இருக்கிற மகளோடு மணிக்கணக்கில் பேசுகிற பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற முசியேக்கள். வருகிறவர்களின் காதைத்தான் பரீதா முதலில் பார்ப்பாள். காதுக் குழி சின்னதா, மடல் ஒட்டியிருக்கிறதா, விரிந்திருக்கிறதா. சின்னக் குழிக்குத் தட்டையான பிளாஸ்டிக் குமிழ் ஆகாது, அரை மணியில் வலிக்கும் என்பாள். ரப்பர் முனை வைத்தது ஒட்டிக்கொள்ளும், ஆனால் முறுக்கு தின்றால் நீங்கள் மெல்லுகிற சத்தம்தான் உங்களுக்கே கேட்கும் என்பாள். அடியில் கும்கும் என்று அதிர்வதைக் கேட்டு மயங்குகிறவர்களிடம், இது கல்யாண வீட்டு ஸ்பீக்கர், பேச்சுக்கு ஆகாது என்பாள். அவள் சொல்வதில் சிரிப்பும் இருக்காது, கோபமும் இருக்காது. ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிற குரல். ஆனாலும் அவள் காதில் வைத்துப் பார்த்துக் கொடுத்தால் வாயை மூடிக்கொண்டு வாங்கிப்போவார்கள்.

போன மாதம் நிர்மலாதேவி என்று ஒரு பெண் வந்தாள். காலாப்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்தவள். போனில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்கிற வேலை, பகல் முழுக்கக் காதில் ஏதாவது இருந்தாக வேண்டும். வாங்கிப்போன இயர்போனில் இடது பக்கம் டல்லடிக்கிறது, மாற்றிக் கொடுங்கள் என்று நின்றாள். பரீதா அதை வாங்கக்கூட இல்லை.

"மாத்தி வச்சுப் பாருங்க. லெஃப்ட்ட ரைட்டுல வைங்க, ரைட்ட லெஃப்ட்டுல வைங்க. டல்லு இந்தப் பக்கம் வந்துச்சுன்னா தப்பு இதுல. அங்கயே நின்னுச்சுன்னா தப்பு உங்க காதுல."

மாற்றி வைத்தாள். டல்லு அங்கேயே நின்றது. காதில் அழுக்கு அடைத்திருக்கும், டாக்டரிடம் காட்டுங்கள், கம்பெனிக்காரன் பாவம் என்றாள் பரீதா. நிர்மலாதேவி வெட்கப்பட்டுக்கொண்டு போனாள். யார் குறை சொல்லி வந்தாலும் பரீதா முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். அதற்குப் பத்து விநாடி ஆகாது.

அவள் என்னத்தைப் போட்டுக் கேட்டுப் பார்க்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை. பாட்டு என்று நினைத்துக்கொண்டார்கள். ஹாஜா, ஏதோ ஹஜ்ரத்தின் மார்க்கப் பயான் கேட்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். இரண்டும் இல்லை. ஷஃபீக் எப்போதோ பெரிய மார்க்கெட்டிலிருந்து அனுப்பிய ஒரு வாய்ஸ் மெசேஜ். இருக்கிறபோது நூறு அனுப்பியிருப்பார். போன் ரிப்பேராகி எல்லாம் போனதில் தப்பியது இது ஒன்றுதான். கடைசிப் பேச்சு என்றெல்லாம் பெரிதுபடுத்த அதில் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகும் பல மாதம் இருந்தார், சண்டை போட்டார், டீ கேட்டார். வேலைக்கு வந்த புதிதில் எதைப் போட்டுப் பார்ப்பது என்று தெரியாமல் கைக்கு வந்ததைப் போட்டாள். அதுவே பழகிவிட்டது. பார்த்தால் அதைவிட நல்லது கிடைக்காது. பாட்டில் ஒரு காதுக்கு ஒன்றும் இன்னொரு காதுக்கு ஒன்றுமாகப் பிரித்துப் பிரித்து வைத்திருப்பார்கள், ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. மனுஷன் பேசுவது இரண்டு பக்கமும் ஒன்று போல வர வேண்டும். அவர் குரலுக்குப் பின்னால் ஒரு மினி லாரி உறுமும், அது அடிச்சத்தம். மீன்காரம்மா ஒருத்தி கூவுவாள், அது உச்சத்துக்கு. செதில் சுரண்டுகிற கத்திச் சத்தம் பொடிப்பொடியாகக் கேட்டால் நல்ல சரக்கு. கேட்கும்போது பரீதாவுக்கு ஒன்றும் ஆகாது. முதல் வருஷம், ஏதாவது ஆகுமா என்று அவளே எதிர்பார்த்தாள். ஆகவில்லை. குரல் சரியாக வருகிறதா, கத்தி கேட்கிறதா என்று மட்டும் பார்த்தாள்.

இந்த மழைக்காலத்துக்கு முன்னாலிருந்துதான் இடது பக்கம் மந்தமாக வர ஆரம்பித்தது. முதலில் ஒரு ஜோடி, பிறகு ஒரு பெட்டி, பிறகு அடுத்த பெட்டி. வேறு கம்பெனிச் சரக்கிலும் அப்படித்தான் வந்தது. அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஊருக்கெல்லாம் மாற்றி வைத்துப் பாருங்கள் என்று சொல்கிறவள், ஒரு தடவைகூடத் தான் மாற்றி வைத்துப் பார்க்கவில்லை. கை போகவில்லை. தப்பு காதில் என்று ஆகிவிட்டால் அந்த ஸ்டூலில் அவளுக்கு என்ன வேலை? ஹாஜா போகச் சொல்ல மாட்டான். சொல்லாமல் இருப்பான், அதுதான் கஷ்டம். பாவம் லாத்தா என்று பக்கத்தில் உட்கார வைத்துக் கொஞ்ச நாள் ஓட்டுவான். அப்புறம் பின்கட்டு அறை, ஃபேன். அதை நினைக்கும்போது மட்டும் அவளுக்குப் பயமாக இருந்தது. வேறு எதற்கும் இல்லாத பயம். அதனால் கழற்றிக் கழற்றிக் கூடையில் போட்டாள்.

சரக்கு போடுகிற சக்கரபாணி மத்தியானம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அரியாங்குப்பத்துக்காரர், தலை நரைத்தவர். சென்னையிலிருந்து மொத்தமாக எடுத்து வந்து ஊரெல்லாம் கடை கடையாகப் போடுவதுதான் அவர் பிழைப்பு. வந்தவருக்கு ஹாஜா தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. மட்ட சரக்கை எங்கள் தலையில் கட்டுகிறாயா என்று ஆரம்பித்துவிட்டான். சக்கரபாணி கூடையையே பார்த்துக்கொண்டு நின்றார். மற்ற கடைகளில் ஒரு புகாரும் இல்லை என்றார். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர் போலக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏற்கெனவே ரெண்டு தடவ ரிட்டர்ன் போயிருக்கு பாய். இதுவும் போச்சுன்னா பாண்டிச்சேரி லைன எங்கிட்டேந்து எடுத்து வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. சொல்லிட்டாங்க."

"அதுக்கு? எங்க லாத்தா காது பொய் சொல்லுமா?"

"நான் அப்பிடிச் சொல்லல பாய். அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவர் அதை நக்கலாகச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார். குனிந்து கூடையைத் தூக்கி ஸ்கூட்டரில் வைக்கப் போனார். முதுகு பிடிப்பு உள்ளவர், மெதுவாகத்தான் குனிந்தார். பரீதா அவர் குனிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், எல்லாம் நடந்துவிடும். கூடை போய்விடும், அவர் லைன் போய்விடும், ஸ்டூல் இருக்கும். அடுத்து வருகிறவனின் சரக்கையும் இதே கூடையில்தான் போட வேண்டியிருக்கும்.

கொஞ்சம் இருங்க என்றாள். கூடையிலிருந்து மேலாக இருந்த ஒரு ஜோடியை எடுத்தாள். போனில் செருகினாள். மெசேஜை, திரும்பத் திரும்ப ஓடும்படி போட்டாள். எழுந்து நின்று, முக்காட்டுக்குள் கையை விட்டு, இடது குமிழை வலது காதில் வைத்தாள். வலது குமிழை இடது காதில் வைத்தாள்.

மந்தம் என்று அவள் தூக்கிப் போட்ட குமிழ், வலது காதில் கணீரென்று பேசியது. கத்தி சுரண்டுவது பொடிப்பொடியாகக் கேட்டது. இடது காதில், நல்ல குமிழ், பக்கத்து வீட்டில் பேசியது. இத்தனை நாளாக எங்கே நின்றதோ அங்கேயே நின்றது. இடது காதிலிருந்ததைக் கழற்றி விட்டாள். அது ஒயரில் தொங்கி மேஜை விளிம்பில் ஆடியது. ஆச்சரியமாக ஒன்றும் இல்லை. யாருக்கோ நடந்ததைப் பார்ப்பது போலிருந்தது.

"சரக்கு நல்ல சரக்குதான். எடுத்துட்டுப் போவாதீங்க சக்கரபாணி. என் காதுதான் போயிருக்கு."

சக்கரபாணி தூக்கிய கூடையைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் நிம்மதி வந்தது, வந்ததற்கு அவரே கூச்சப்பட்டுத் தரையைப் பார்த்தார். கதிர்காமத்துல பெரிய ஆஸ்பத்திரியில காட்டுங்கக்கா, வெறும் அழுக்காகூட இருக்கும் என்று முனகினார். ஹாஜா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. உளறாத லாத்தா என்றான். இவனுங்க சரக்கு மட்டம், நீ அவருக்குப் பாவம் பார்க்கிற என்றான். நானே கேட்கிறேன் கொடு என்று கல்லாவுக்கு இந்தப் பக்கம் வந்து, தொங்கிக்கொண்டிருந்த குமிழைப் பிடித்துத் தன் காதில் செருகிக்கொண்டான். ஒயர் குட்டை. இரண்டு தலைகளும் கிட்டக் கிட்ட வர வேண்டியிருந்தது. பரீதா மெசேஜை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தோன்றவில்லை.

"பரீதா, மார்க்கெட்ல நிக்கிறேன். சங்கரா நல்லா இருக்கு. கானாங்கெளுத்தியும் வந்திருக்கு. எது வாங்கட்டும், சொல்லு. பரீதா, கேக்குதா?"

லாரி உறுமியது. மீன்காரம்மா கூவினாள். மெசேஜ் முழுதும் ஓடி முடிந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. ஹாஜா அக்காளின் முகத்தைப் பார்த்தான், கூடையைப் பார்த்தான், சுவரில் வரிசையாகத் தொங்குகிற இயர்போன்களை எல்லாம் பார்த்தான். அவன் கண் நிறைவதைப் பரீதா அவ்வளவு பக்கத்தில் பார்த்தாள். தனக்கு வரும் என்று எதிர்பார்த்து வராமல் போனது இவனுக்கு வந்துவிட்டதே என்று நினைத்தாள்.

"இதப் போட்டா பாத்துட்டிருந்த?" என்றான். "மூணு வருஷமாவா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு, அந்த மெசேஜை எத்தனையோ தடவை போட்டும் ஒருமுறைகூடத் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளாத ஒன்றை அவனிடம் கேட்டாள். "அன்னிக்கு நான் என்ன சொன்னேன்? நெனப்பே வரல."

ஹாஜா மூக்கை உறிஞ்சினான். "சங்கரான்னு சொன்ன. மச்சான் கானாங்கெளுத்திய வாங்கியாந்தாரு. நீ சண்ட போட்டுக்கிட்டே கொழம்பு வச்ச. நானுந்தான சாப்ட்டேன்."

சந்தில் யாரோ ஒருவர் வந்து நின்று, சார்ஜர் இருக்கா என்று கேட்டார். சக்கரபாணி அவரிடம் கையைக் காட்டி, கொஞ்சம் இருக்கச் சொன்னார். மெசேஜ் மறுபடியும் ஆரம்பித்தது. ஒயர் இரண்டு பேருக்கும் நடுவில் விறைத்து நின்றதால், தம்பியாலும் நகர முடியவில்லை, அக்காளாலும் நகர முடியவில்லை. மார்க்கெட்டில் நின்றுகொண்டு ஷஃபீக், எது வாங்கட்டும் என்று கேட்டார். கேக்குதா என்று கேட்டார். பரீதா உதட்டை அசைத்தாள்.

"சங்கரா."