மூன்றாம் தடவை எழுதிய அரசியல் தாள்

வெர்லின், கூட வேலை செய்யும் ஒனீட்டாவுக்குத் தர வேண்டியது நூற்றுப் பதினாலு டாலர். பள்ளிப் படிப்புக்கு ஈடாக அவர் எழுதும் தேர்வில், அரசாங்கம் பற்றிய தாளுக்கு மூன்று தடவை அவள் கட்டிய பணம். இரண்டு தடவை தோற்றாயிற்று. மற்ற தாள்கள் எல்லாம் தேறிவிட்டன. இதுவும் தேறினால் ரோலர் ஓட்டும் வேலை, உட்கார்ந்தே செய்யலாம். இல்லையென்றால் ஐம்பத்து நாலு வயதில், தேய்ந்த முழங்காலோடு இன்னொரு கோடையும் தார்ச்சாலையில் நிற்க வேண்டும்.

நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கூட்டப் படித்தவர். கென்டக்கி மலைச்சாலையில் ஒரு பக்கம் மட்டும் வண்டி விட்டுத் தார் போடும்போது, இந்த முனையில் வண்டிகளை நிறுத்தவும் விடவும் அவர் பலகை பிடிப்பார், அந்த முனையில் ஒனீட்டா. வண்டி இல்லாத நேரத்தில் வாக்கி டாக்கியில் பாடம் நடக்கும்.

"அண்ணே, காங்கிரஸ், அதான் சட்டம் போடுற சபை, அது போட்ட சட்டம் செல்லாதுன்னு யார் தீர்ப்புச் சொல்லலாம்?"

"ஜனாதிபதி."

ரோலர் ஓட்டும் டோயில் குறுக்கே வந்தான். "எதைக் கேட்டாலும் அவர்தானா? எங்க வீட்டு நாய் குட்டி போட்டதுக்கும் அவரா?"

"உன் வாயை மூடவும் அவர்தான் வரணும்."

எல்லாவற்றுக்கும் ஜனாதிபதி என்பதுதான் வெர்லினின் கோளாறு. பதினோரு வயதிலிருந்து கூலி வேலை. மேஸ்திரி சொன்னால் முடிந்தது. நாடும் அப்படித்தான் என்று நினைத்திருந்தார்.

ஒரு வியாழக்கிழமை ஒனீட்டா கூப்பிட்டாள். "மேஸ்திரி வந்து ஹாரன் அடிக்கிறார். வழி விடணுமாம்."

"விடாதே. நான் பதினோரு வண்டி அனுப்பியிருக்கேன். கடைசியா சிவப்பு லாரி."

வாக்கி டாக்கியில் மேஸ்திரி குரல் கேட்டது. "நான்தாம்மா இங்க மேஸ்திரி."

"இருங்க சார். பலகை என் கையில இருக்கு," என்றாள் ஒனீட்டா.

மேஸ்திரி முனகிக்கொண்டே நின்றார். சிவப்பு லாரி வந்த பிறகுதான் போனார்.

வெர்லின் தன் கையிலிருந்த பலகையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்போ காங்கிரஸ் கையில ஒரு பலகை, ஜனாதிபதி கையில ஒண்ணு, கோர்ட்டு கையில ஒண்ணு," என்றார்.

"ரெண்டு மாசமா அதைத்தானே கத்துறேன்."

மூன்றாம் தடவை, ஜனாதிபதி என்று கை போன இடத்திலெல்லாம் நிறுத்தி, இங்கே பலகை யார் கையில் என்று யோசித்துக் குறித்தார். தேறிவிட்டார்.

ரோலரில் வாங்கிய முதல் சம்பளத்தில் பணத்தைக் கொண்டுபோய் நீட்டினார். "நீ இல்லேன்னா நான் இன்னும் நின்னுக்கிட்டுதான் இருப்பேன்மா."

வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தால் அவருக்கு மனசு தாங்கியிருக்காது. அவள் சொல்லவில்லை. விரலை நாக்கில் தொட்டு இரண்டு தடவை எண்ணினாள்.

"சரியா இருக்கு அண்ணே."