மூன்றாம் ஓலை

தடை சொல்ல ஆள் வராத கல்யாணத்தை நான் ஒரு நாவலிலும் எழுதியதில்லை. எங்கள் கத்தோலிக்க வேதத்துக்காரர் வீட்டில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லக்கடவார்கள் என்று பங்குச்சாமியார் படிப்பார். நிஜத்தில் எவனும் வாயைத் திறப்பதில்லை, பிள்ளைகள் அழும், அவ்வளவுதான். என் நாவலில் மட்டும் மூன்றாம் ஓலை அன்று கோயிலின் பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் கிளம்பும்: "தடை இருக்கு சாமி." பதினாலு நாவல், பதினாலு குரல்.

என் பெயர் பங்கிராஸ். ஆவூரிலிருந்து மூன்று மைலில் எங்கள் ஊர். வாத்தியார் வேலையை விட்டுவிட்டு வேத நாவல் எழுதிப் பிழைக்கலாம் என்று இறங்கிய ஒரே மடையன் இந்த ஜில்லாவில் நான்தான். எங்கள் ஆட்களுக்குப் படிப்பு வராமல் இல்லை. ஆனால் ஒருவர் வாங்கினால் ஒரு கோயில் பங்குச் சனமே அதைப் படிக்கும். தேர்த் திருவிழாவில் கோயில் வாசலில் கடை போட்டு உட்கார்ந்திருப்பேன். வருகிறவர்கள் புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மெழுகுவர்த்தி வாங்கப் போய்விடுவார்கள்.

எழுதுவதும் லேசில்லை. மேற்றிராணியார், அதாவது பிஷப், அனுமதி இல்லாமல் அச்சேறாது. அனுமதி தருகிற பெரிய சாமியார் சிவப்பு மசியோடு காத்திருப்பார். காதலன் காதலியைப் பார்க்கலாம், ஆனால் பூசை நேரத்தில் கூடாது. கதாநாயகி கையில் ஜெபமாலை தவிர வேறெந்தக் கையும் இருக்கக் கூடாது. வில்லன் மனந்திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் இடி விழுந்து சாக வேண்டும். மனந்திரும்பிய பிறகு இடி விழுந்தால் அவருக்கு ரொம்பத் திருப்தி.

இந்தப் பிழைப்பில் எனக்கு ஒரே ஒரு ஆறுதல் சூசைமாணிக்கம். சபைத் தலைவர், நிலபுலன் உள்ள பெரிய சம்சாரி. என் பதினாலு நாவலையும் வெளிவந்த அன்றே வாங்கியவர் அவர் ஒருவர்தான். கண்ணாடி பீரோவில் மாதா சுரூபத்துக்குக் கீழே வரிசையாக அடுக்கி வைத்திருப்பார். அவருடைய மகன் மரிய அந்தோணிக்கு என் மகள் அருளம்மாளைக் கேட்டு வந்தபோது நான் அரை மணி நேரம் அழுதேன். என் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைத்ததற்குப் பாதி, எனக்கு வாசகர் வீட்டுச் சம்பந்தம் கிடைத்ததற்குப் பாதி.

கல்யாணச் செலவு என்று ஒன்று இருக்கிறதே. அதற்காகத்தான் திருமயத்தில் புத்தகக் கடை வைத்திருந்த உடையப்பனிடம் போனேன். கோயில் வாசல்களில் விற்கிற பக்தி நாவல்களை அவர் அச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அம்பாள் மகிமையாக ஒன்று வேண்டும் என்றார். பொண்ணுக்குக் கஷ்டம் வரணும், அழுவணும், கடைசியில அம்பாள் வந்து காப்பாத்தணும், அம்புட்டுத்தாங்க என்றார். இதைத்தானே ஐயா இத்தனை வருஷமாக விலாசம் மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

என் முதல் நாவலை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டேன். மாதா இருந்த இடத்தில் அம்பாள். பங்குச்சாமியார் குருக்களானார். ஜெபமாலை ருத்திராட்சமானது. வெள்ளிக்கிழமை கறி சாப்பிடாத இடத்தில் ஒரு எழுத்துக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. பத்தே நாளில் முடிந்தது. ஆவுடைநேசன் என்று ஒரு பெயரையும் சூட்டிக்கொண்டேன்.

உடையப்பன் கைப்பிரதியைப் படித்துவிட்டு, "இந்த ஓலை வாசிக்கிற வழக்கம் எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டார். இது என்ன கேள்வி என்று நினைத்து, எங்க பக்கம் என்றேன். அவர் குன்றாண்டார்கோவில் பக்கம்போல என்று தலையாட்டிவிட்டு அச்சுக்கு அனுப்பினார். இந்துக்கள் வீட்டில் ஓலை வாசிப்பதே கிடையாது என்று எனக்கு யார் சொன்னார்கள்? அவர்கள் கல்யாணத்துக்குப் போனால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லித் தொலைக்க வேண்டுமே என்று ஆயுளில் ஒன்றுக்கும் போனதில்லை. ஓலை வாசிக்காமல் ஒரு ஆணும் பெண்ணும் எப்படிக் கல்யாணம் செய்துகொள்ள முடியும்? ஆக, என் நாவலில் மூன்று வெள்ளிக்கிழமை அம்பாள் சன்னிதியில் குருக்கள் ஓலை வாசித்தார். மூன்றாவதில் தூண் பக்கமிருந்து ஒருவன் தடை இருக்கு சாமி என்றான்.

அருளம்மாளுக்கு முதல் ஓலை வாசித்த மறுநாள் உடையப்பன் கார்டு வந்தது. புத்தகம் பறக்கிறதாம். திருமயத்துக்காரர்கள் அதை அறந்தாங்கிப் பக்கத்து வழக்கம் என்கிறார்களாம், அறந்தாங்கிக்காரர்கள் திருமயத்து வழக்கம் என்கிறார்களாம். ஒரு கிராமத்தில் பெண் வீட்டார் கேட்டுக்கொண்டதன் பேரில் குருக்கள் நிஜமாகவே ஓலை வாசித்து, தேங்காய் பழம் வாங்கிக்கொண்டாராம். அடுத்த நாவலிலும் அவசியம் ஓலை இருக்கட்டும் என்று எழுதியிருந்தார்.

இந்துக்களுக்கு ஓலையே கிடையாது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் மனைவி ஜெபமாலையம்மாள் கார்டை வாங்கிப் படித்துவிட்டு, ஊருக்கெல்லாம் தடை சொன்ன வாய்க்கு நம்ம வீட்டுலயே தடை வந்து நிக்கப்போவுது என்றாள். நம் ஆட்கள் அம்பாள் புத்தகத்தைக் கையால் தொட மாட்டார்கள் என்று அவளுக்குத் தைரியம் சொன்னேன். எனக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

இரண்டாம் ஓலையும் நல்லபடியாகக் கழிந்தது. மூன்றாம் ஞாயிறு சாமியார் ஓலையைப் படித்து முடித்தார். அருளம்மாள் பெண்கள் பக்கத்தில் முக்காட்டோடு முழங்காலில் இருந்தாள். இனி புதன்கிழமை தாலி என்று நான் மூச்சை விட்டேன்.

"தடை இருக்கு சாமி."

குரல் பின்பக்கத்திலிருந்து வரவில்லை. எனக்குப் பக்கத்திலிருந்து வந்தது. சூசைமாணிக்கம் எழுந்து நின்றார். கையில் ஆவுடைநேசன் புத்தகம்.

பத்திர ஆபீஸ் வேலையாகத் திருமயம் போனாராம். பஸ் வர இரண்டு மணி நேரம் ஆனதாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் படித்துவிட்டுக் கொடுத்தாராம். சம்பந்தி வீடு அந்நிய தேவதைக்கு ஊழியம் செய்கிற வீடு என்றால் அங்கே என் மகனுக்கு எப்படிப் பெண் எடுப்பேன் என்றார். ஓலை வாசிக்கிறது நம்ம வேதத்துல மட்டுந்தான், மூணாம் ஓலையில தடை சொல்ல வைக்கிறவரு பங்கிராஸ் ஒருத்தருதான், அவரே வாயால எத்தனையோ தடவை சொல்லியிருக்காரு என்று பங்குக்கே விளங்க வைத்தார்.

சாமியார் என்னைப் பார்த்தார். "நீதானா எழுதுனது?"

அருளம்மாளின் முக்காடு என் பக்கம் திரும்பிற்று. நான் பீடத்தைப் பார்த்துக்கொண்டே, இல்லை சாமி, எவனோ என்னுடையதைத் திருடி எழுதியிருக்கிறான் என்றேன். தேவநற்கருணைக்கு முன்னால் நின்று சொன்ன பொய். ஆனால் பெண்ணைப் பெற்றவனுக்கு வேறென்ன வழி?

சூசைமாணிக்கம் நல்ல மனுஷர். முகம் தெளிந்துவிட்டது. மன்னிச்சுக்கங்க சம்பந்தி என்று கும்பிட்டார். அதோடு உட்கார்ந்திருக்கலாம். மனுஷர் உட்காரவில்லை.

"இருந்தாலும் ஒண்ணு சொல்லணும். திருடுனவன் நல்லா எழுதியிருக்கான். அந்தப் புள்ள சன்னிதியில நின்னு, 'எல்லாக் கதவும் சாத்திருச்சு தாயே, ஒன் வாசல் மட்டுந்தான் தொறந்திருக்கு'ன்னு அழுவுது பாருங்க, பஸ்ஸுல நானும் அழுதுட்டேன். நீங்க அவங்கிட்டக் கத்துக்கிடணும்."

பதினாலு நாவல் எழுதியிருக்கிறேன். ஒருவன், ஒரே ஒருவன், அழுதேன் என்று என்னிடம் வந்து சொன்னதில்லை. எனக்கு மகள் மறந்துபோனாள், மாப்பிள்ளை மறந்துபோனான், தலைக்கு மேலே ஆண்டவர் இருப்பதும் மறந்துபோயிற்று.

"நான்தாய்யா ஆவுடைநேசன். அது என் மொத நாவல்யா. பீரோவுல முதல்ல நிக்குதே, அதுலயும் அந்த வரி அப்படியே இருக்கு. நீரு படிச்சீரா இல்லியா?"

 சூசைமாணிக்கம் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "வேத புஸ்தகமாச்சே, வீட்டுல இருந்தா புண்ணியம்னு வாங்கி வச்சேன்" என்றார். சாமியார் ஜனங்களைப் பார்த்தார். இந்தப் பங்கில் அதை யாராவது படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். அனுமதி கொடுத்த பெரிய சாமியார் ஒருவர்தான் படித்திருக்க வேண்டும், அவர் காலமாகி மூன்று வருஷமாகிறது.

அருளம்மாள் அழுதுகொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தாள். 

சாமியார் நீதிமான். இரத்த உறவு தடை, முன்கல்யாணம் தடை, பெண்ணின் தகப்பன் எழுதிய நாவல் எந்தச் சட்டத்திலும் தடை இல்லை என்றார். ஆனால் ஒருவன் அந்நிய தேவதையைப் பாடினான், கோயிலில் பொய்யும் சொன்னான். ஒருவன் அதைக் கடைசிப் பக்கம் வரை படித்து அழுதான். இரண்டுக்கும் சேர்த்து ஒரே அபராதம். சூசைமாணிக்கம் என் முதல் நாவலை வாய்விட்டு முழுவதும் படிக்க வேண்டும், நான் எதிரே உட்கார்ந்து முழுவதும் கேட்க வேண்டும். முடிந்தால்தான் புதன்கிழமை தாலி.

திங்கட்கிழமை காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். பீரோவைத் திறந்து எடுத்தார். பக்கங்கள் அச்சாபீசிலிருந்து வந்தபடியே ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. காய் நறுக்கும் கத்தியால் ஒவ்வொன்றாகக் கீறிக்கீறிப் படித்தார். எழுத்துக்கூட்டிப் படித்தார், கொட்டாவி விட்டுப் படித்தார். நடுவில் இரண்டு தடவை தோட்டத்தைப் பார்க்க எழுந்துபோனார். என் வாக்கியங்கள் அவர் வாயில் வைக்கோலாகக் கிடந்து அரைபட்டன. தாலி தாலி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்த இடம் வந்தது. கதாநாயகி மாதா சுரூபத்தின் முன் முழங்காலில் விழுகிறாள். எல்லாக் கதவும் சாத்திவிட்டது தாயே என்று படித்தவர் நின்றார்.  துண்டை எடுத்து இரண்டு கண்ணையும் அழுத்தித் துடைத்தார்.

 இருபது வருஷமாக இதற்குத்தானே காத்திருந்தேன். மெதுவாக அவர் கையைப் பிடித்து, என்ன சம்பந்தி என்றேன்.

"ஒண்ணுமில்லங்க," என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அந்த ஆவுடைநேசன் ஞாபகம் வந்துருச்சு."