மஞ்சள் ஊசிகளும் என் அக்காவும்

என் மனைவியின் ஆராய்ச்சி ஓட்டைகளைப் பற்றியது. இதைச் சொன்னால் என் கடைக்கு வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவன். நான் கொடுக்கும் சாமானில் ஓட்டை இருந்தால் அடிக்க வருவார்கள். அவள் செய்யும் சாமானில் ஓட்டை இல்லாவிட்டால்தான் பிரச்சினை.

கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் இரண்டு ரசாயனப் பொடிகளைச் சேர்த்து அவள் ஒரு புதுப் பொருளைச் செய்தாள். அது மஞ்சள் நிறத்தில், ஊசி ஊசியாகப் படிகமாகும். ஒவ்வொரு ஊசிக்குள்ளும் நீளவாட்டில் குழாய்கள், நீராவி நுழையும் அளவுக்கு மட்டும் மெல்லியவை. வறண்ட காற்றில் வைத்தாலும் அந்தக் காற்றில் இருக்கிற கொஞ்சநஞ்ச ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். லேசாகச் சூடு காட்டினால் தண்ணீராகத் திருப்பிக் கொடுத்துவிடும். மழையையே பார்க்காத ஊர்களுக்குக் குடிதண்ணீர் தரலாம் என்று கட்டுரை எழுதினாள். அது பெரிய பத்திரிகையில் வந்தது. பெருமை தாங்காமல் அதைக் கடையில் மாட்டி, கண் பரிசோதனைக்கு வருகிறவர்களைப் படிக்கச் சொன்னேன். கிட்டப்பார்வை, தூரப்பார்வை யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

பிறகு ஒருநாள் குடுவையில் வெள்ளை வந்தது.

அதே பொடிகள், அதே சூடு, அதே கை. ஆனால் ஊசிக்குப் பதிலாகத் தட்டைத் தட்டையாக வெள்ளைச் செதில்கள். மூலக்கூறு மாறவில்லை, அடுக்கு மட்டும்தான் மாறியிருந்தது. பஸ்ஸில் நடத்துனர் "கொஞ்சம் நெருங்கி உக்காருங்க" என்று சொன்னதும் எல்லோரும் ஒட்டிக்கொள்வார்களே, அதுபோல நடுவில் இடமே இல்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு விட்டன. ஓட்டை இல்லை, அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

வேறு யாராவது என்றால் அதைக் குப்பையில் கொட்டிவிட்டு மறுவேலை பார்த்திருப்பார்கள். என் மனைவி அப்படிப்பட்டவள் இல்லை. என்ன வந்திருக்கிறது என்று அளந்து பார்க்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. மூலக்கூறுகளின் அடுக்கைக் காட்டும் எக்ஸ்ரே இயந்திரத்தில் வைத்துப் பார்க்க மாவாக வேண்டும். ஆகவே சின்னக் கல்வத்தில் போட்டு, பொறுமையாக, அக்கறையாக, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அரைத்தாள். அந்த அக்கறைதான் அவளைக் கவிழ்த்தது.

வெள்ளையில் ஒரு தூசி போதுமாம். கண்ணுக்கே தெரியாத ஒரு தூசி கரைசலில் விழுந்தால், மிச்ச மூலக்கூறுகள் அதைப் பார்த்து அதே மாதிரி அடுக்கிக்கொள்ளும். அரைத்த மாவு அறை முழுக்கப் பறந்துவிட்டது. மறுநாளிலிருந்து அந்த ஆய்வுக்கூடத்தில் மஞ்சள் வரவேயில்லை. சுவரைக் கழுவினார்கள், பாத்திரங்களை மாற்றினார்கள், அடுத்த கட்டடத்துக்குப் போனார்கள். வெள்ளைதான் வந்தது. அவள் தலைமுடியில், கைக்கடிகாரப் பட்டையில், எங்கள் வீட்டுத் திரைச்சீலையில், என் சட்டைப் பையில்கூட அந்தத் தூசி இருந்திருக்கும். அவள் போகிற இடமெல்லாம் அது முன்னால் போய் நின்றது.

இதற்குள் வெளிநாட்டில் ஒரு குழு, "நாங்களும் செய்து பார்க்கிறோம்" என்று பொடி கேட்டிருந்தது. இவள் நல்ல மனதோடு தன் அலமாரியிலிருந்தே அனுப்பிவைத்தாள். அவர்களுக்கும் வெள்ளை வந்தது. 'கட்டுரையில் சொன்னபடி எதுவும் நடக்கவில்லை' என்று முகத்தில் அடித்தாற்போல எழுதினார்கள். அவள் வேலை பார்க்கும் நிறுவனம் விசாரணைக் குழு போட்டது. அடுத்த கூட்டத்துக்குள் மஞ்சளைச் செய்து காட்ட வேண்டும், இல்லையென்றால் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்றார்கள். திரும்பப் பெற்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். இல்லாததை இருப்பதாக எழுதினாள் என்று அர்த்தம். வேலை போவது ஒருபுறம் இருக்கட்டும், அதற்கப்புறம் இவள் சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று எழுதினாலும் எவனும் நம்ப மாட்டான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பொய் சொல்லத் தெரியாத பெண் அவள். நான் வாங்கிக் கொடுத்த செருப்பு நன்றாக இல்லை என்று கடைக்காரர் முன்னாலேயே சொன்னவள்.

ஒருநாள் காலை சாப்பாட்டு மேசையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என் கை பட்டா வராது. உங்க கை பட்டாலும் வராது. கெமிஸ்ட்ரி தெரிஞ்சவங்க வேணும். ஆனா வெள்ளை வந்ததுக்கப்புறம் நம்ம பக்கமே வராதவங்களா இருக்கணும். நம்ம வீட்டுலேருந்து ஒரு துணி, ஒரு பாத்திரம் போகாத இடமா இருக்கணும்."

யோசித்தோம். கூட வேலை பார்க்கிறவர்கள், கூடப் படித்தவர்கள் என்று ஒவ்வொருவராகப் பட்டியலிலிருந்து அடிபட்டார்கள். எல்லோருமே ஆறுதல் சொல்ல வீடு தேடி வந்திருந்தார்கள். நல்லவர்கள் யாரும் தேற மாட்டார்கள் போலிருந்தது.

"அக்கா இருக்காளே" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

என் அக்கா வேறு ஊரில் பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை. எங்கள் வீட்டு வாசற்படி மிதித்து வருஷங்கள் ஆகின்றன. அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது என் மனைவி தன் படிகங்களை அளக்கத் தொலைவில் ஒரு பெரிய எக்ஸ்ரே நிலையத்தில் இருந்தாள். அங்கே இயந்திரத்தில் நேரம் கிடைப்பதற்கு எத்தனையோ பேர் காத்துக் கிடப்பார்கள். விட்டால் போச்சு. முடித்துவிட்டு வருகிறேன் என்றாள். அம்மா காத்திருக்கவில்லை. அக்கா எல்லார் முன்னாலும், "உனக்கு உன் பொடிதான் மாமியார், அதுங்கூடவே இரு" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான். நடுவில் நான் அசடு வழிய நின்றேன்.

போன் போட்டு, சுற்றி வளைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"ஏன், அவளுக்கு வாய் இல்லியா?" என்றாள் அக்கா.

மனைவியிடம் போனைக் கொடுத்தேன். அவள் கெஞ்சவில்லை. வெள்ளை வந்தது, அரைத்தது, பறந்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது.

பிறகு அக்கா கேட்டாள்:

"கட்டுரையில பொய் எழுதினியா?"

"இல்ல அண்ணி."

"அப்புறம் எதுக்கு அழற? எதுல கரைக்கணும், அதச் சொல்லு."

விசாரணைக் குழு முதலில் முகம் சுளித்தது. சொந்தக்காரியா என்றார்கள். "பேச்சுவார்த்தை இல்லாத சொந்தம்" என்று என் மனைவி விளக்கியதும் ஒருவர் சிரித்துவிட்டாராம். அவர் வீட்டிலும் ஏதோ இருக்கும். முழு வேலையையும் வீடியோவில் பதிவுசெய்ய வேண்டும், படிகத்தை அக்காவே இதில் சம்பந்தப்படாத வேறொரு பல்கலைக்கழகத்து எக்ஸ்ரே கூடத்தில் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு சம்மதித்தார்கள். பொடிகள் கம்பெனியிலிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போயின. கண்ணாடிப் பாத்திரங்களை அவளே புதிதாக வாங்கினாள். உதவிக்கு நான் வரட்டுமா என்று கேட்டேன்.

"வந்தே, காலை ஒடிச்சுடுவேன். உங்க வீட்டுத் தூசுகூட ஆகாதுன்னு நான் சொல்லலப்பா, உன் பொண்டாட்டிதான் சொல்றா" என்றாள். அதைச் சொல்வதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடம். நாங்கள் வீட்டில் கணினித் திரைக்கு முன்னால். அக்கா இரண்டு பொடிகளையும் எரிசாராயத்தில் தனித்தனியாகக் கரைத்து, ஒன்றாக ஊற்றி, ஒரு சொட்டு அமிலம் விட்டாள். காய்ச்சி, வடிகட்டி, வந்ததை மறுபடி சூடான எரிசாராயத்தில் கரைத்தாள். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சண்டை.

"மெதுவா ஊத்துங்க அண்ணி."

"மெதுவாத்தானே ஊத்தறேன். இதவிட மெதுவான்னா நாளைக்குத்தான் முடியும்."

கடைசியில் தெளிந்த கரைசல் ஒரு கண்ணாடிக் குழாயில் நின்றது. அது தானாக ஆற வேண்டும். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆறியது. ஒன்றும் வரவில்லை. அக்கா பொறுமை இழந்து ஒரு கண்ணாடிக் குச்சியை எடுத்தாள். குழாயின் உள்பக்கத்தைக் குச்சியால் கீறிவிட்டால் படிகம் சட்டென்று விழும். பள்ளிக்கூடத்தில் அவர்கள் அப்படித்தான் செய்வார்களாம்.

"அண்ணி, வேண்டாம்! கீறாதீங்க!" என் மனைவி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். "அவசரப்படுத்தினா எது வரும்னு சொல்ல முடியாது. வெள்ளை ஒரு தடவை வந்துட்டா அந்த அறையும் போச்சு."

அக்கா குச்சியைக் கீழே வைத்தாள். வழக்கமாக ஒரு வசவு வரும். வரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக் குழாய்க்கு எதிரே உட்கார்ந்தாள். திரையில் பாதி முகமும் குழாயும்தான் தெரிந்தன. எழுந்து போகவும் முடியாது, போனை வைக்கவும் முடியாது. பேசாமல் இருந்த இரண்டு பேரும் அப்படி ஒன்றாக மாட்டிக்கொண்டார்கள்.

"அம்மா கடைசியா உன்னத்தான் கேட்டாங்க" என்றாள் அக்கா, குழாயைப் பார்த்துக்கொண்டே.

எனக்கும் அது புதுச் செய்தி.

"ராத்திரி பகலா பக்கத்துல இருந்தவ நான். என்னக் கேக்கல. 'அவ வேலை நல்லபடியா முடிஞ்சுதா'ன்னு கேட்டாங்க. ரெண்டு தடவை. எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். அத உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் அவ்வளவு பெரிய சண்டை போட்டேன்."

"நான் வந்திருக்கணும் அண்ணி" என்றாள் என் மனைவி. "அந்த மெஷின் இன்னும் அங்கேயேதான் இருக்கு. அத்தைதான் இல்ல. வந்திருக்கணும். தினம் நெனைச்சுக்கறேன்."

இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சினார்கள். நான் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் சமையலறைக்குப் போய் நின்று அழுதேன்.

திரும்பி வந்தபோது அக்கா, "இரு, இரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "அடியில ஏதோ இருக்கு. மஞ்சளா இருக்கு. வெயில் பட்டு அப்படித் தெரியுதோ என்னவோ." குழாயை ஆட்டாமல் நிழல் பக்கம் நகர்த்தினாள். கேமராவைக் கிட்டே கொண்டுவந்தாள். நிழலிலும் அது மஞ்சளாகவே இருந்தது. முடியைவிட மெல்லிய ஊசிகள், ஒன்றன் மேல் ஒன்றாக, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீண்டன.

"ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு" என்றாள் அக்கா. "இதையா பொய்யின்னாங்க? இன்னொரு தடவை செஞ்சு பாக்கணும் போல இருக்கு."

என் மனைவி திரையைத் தொட்டுப் பார்த்தாள். அவளால் அவ்வளவுதான் முடிந்தது.

குழாயை அந்தத் திரவத்தோடேயே மூடி, பையில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு அக்கா ரயில் ஏறினாள். எக்ஸ்ரே கூடம் எங்கள் ஊரிலேயே இன்னொரு பல்கலைக்கழகத்தில் இருந்தது. ஆனால் ஸ்டேஷனுக்குப் போய் அழைத்துவர எங்களுக்கு அனுமதியில்லை. கிட்டப் போனால் தூசி. சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு தேநீர்க் கடையில் நின்றோம். அக்கா பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வாசலுக்குள் போவதைப் பார்த்தோம். எங்கள் பக்கம் திரும்பவேயில்லை. தேநீர் ஆறிப்போனது. இன்னொன்று வாங்கினேன், அதுவும் ஆறிப்போனது. என் மனைவி அந்த வாசலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அக்கா வெளியே வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. வாசலிலேயே நின்று போன் செய்தாள். சாலைக்கு அந்தப் பக்கம் அவள் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டே, இந்தப் பக்கம் குரலைக் கேட்டோம்.

"ஓட்டை இருக்குன்னு சொல்லிட்டாங்கம்மா. நீ எழுதின அதே அளவு. அந்த எக்ஸ்ரேக்காரர் இப்பவே குழுவுக்கு எழுதி அனுப்பிட்டார். உன் கட்டுரைய யாரும் தொட முடியாது."

என் மனைவி தேநீர்க் கடை பெஞ்சில் அப்படியே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, நடுத்தெரு என்றும் பாராமல் விம்மி விம்மி அழுதாள். அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அக்கா போனைப் பையில் போட்டாள். வண்டிகள் வருகின்றனவா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். சாலையில் இறங்கினாள்.

"வராதீங்க அண்ணி!" என்று என் மனைவி எழுந்து பின்னால் நகர்ந்தாள். "கிட்ட வராதீங்க. உங்க கையில மட்டும்தான் இப்ப மஞ்சள் வருது. என்னத் தொட்டா அப்புறம் உங்களாலயும் முடியாது."

"தெரியும்" என்றாள் அக்கா, நடந்துகொண்டே. "செய்முறைய எழுதி அந்த எக்ஸ்ரேக்காரர்கிட்ட குடுத்துட்டேன். அவங்க ஆளுங்க செய்யட்டும்."

"இன்னொரு தடவை செஞ்சு பாக்கணும்னு ஆசைப்பட்டீங்களே."

"ஆசைதான். இப்பவும் ஆசைதான்" என்று சொல்லிவிட்டு அக்கா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். தலையை வருடினாள், முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள், அதே முந்தானையால் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் தங்கிவிட்டுத்தான் போனாள். ஊருக்குப் போனதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில் ஆசைக்கு ஒருமுறை செய்து பார்த்திருக்கிறாள். சாயங்காலம் போன் வந்தது. எனக்கில்லை, என் மனைவிக்கு.

"வெள்ளைதான் வந்துச்சு" என்றாள் அக்கா. அவள் குரலில் துளிகூட வருத்தம் இல்லை.