தாலி படும் இடம்

"எங்கிருந்து எடுக்கற தோலுடா?" என்று சென்னியம்மாள் கேட்டதும் ராசப்பனின் கை சோற்றிலேயே நின்றது.

"அவ தொடையிலிருந்துங்கம்மா."

அடுப்பங்கரையில் இருந்த வசந்தாமணிக்கும் அது கேட்டது. மூன்று மாதமாகப் புருஷனும் பெண்டாட்டியுமாக மறைத்து வைத்திருந்த சேதி அது. புதன்கிழமை சேலத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், மருமகள் கழுத்துத் தழும்பை அறுத்து விரித்து அங்கே தோல் வைத்து ஒட்டுவார்கள் என்பது வரைக்கும்தான் மாமியாருக்குத் தெரியும். அந்தத் தோல் எந்த மரத்தில் காய்க்கிறது என்று அவள் இதுவரை கேட்கவில்லை. இப்போது கேட்டுவிட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன், எழுபத்தாறாம் வருஷம் தை மாதம், ஜேடர்பாளையத்துப் பக்கம் அவர்கள் தோட்டத்துக் கரும்பாலையில் பாகு இறக்கும்போது கொப்பரை சரிந்தது. வெந்நீராக இருந்தால் வழிந்து ஓடிவிடும். வெல்லப்பாகு பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு வேகவைக்கும். வசந்தாமணிக்குக் கழுத்தும் மேல்நெஞ்சும் வெந்தன. பச்சிலை வைத்துக் கட்டியே பதினோரு மாதத்தில் புண்ணை ஆற்றினார்கள். ஆற ஆறத் தோல் சுருங்கியது. மோவாய் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது, கீழுதடு இழுபட்டு வாய் மூடாமல் போனது. சாப்பிட்டால் பாதிச் சோறு மடியில் விழும். கண்ணை எவ்வளவு உருட்டினாலும் எதிரே நிற்பவரின் இடுப்புக்கு மேல் தெரியாது.

இதிலும் ஊராருக்கு ஒரு திருப்தி இருந்தது. விருந்துக்கு வந்த பங்காளி ஒருவர், தலை நிமிராத மருமகள் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கேலிக்குச் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னார். நம் ஆட்கள் அடக்கம் என்று எதைக் கொண்டாடுகிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஆஸ்பத்திரிக்கு முதல்முறை போன அன்றே பயம் வசந்தாமணியைப் பிடித்துக்கொண்டது. வார்டில், ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் லாரிக்காரன் ஒருவனுடைய நசுங்கிய கையை அவன் வயிற்றோடு சேர்த்துத் தைத்திருந்தார்கள். வயிற்றுச் சதை கையில் பிடித்ததும் மூன்று வாரத்தில் பிரித்துவிடுவோம் என்றார் டாக்டர். அடுத்த கட்டிலில் பிளந்த உதட்டோடு பிறந்த குழந்தை, தைத்த உதட்டோடு அழுதுகொண்டிருந்தது. மூக்கை நேராக்கிக்கொள்ள வருகிறவர்களும் உண்டு, அது ஆசைக்கு, உனக்குச் செய்வது தேவைக்கு என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். இன்னும் ஒரு வருஷம் தள்ளினால் மயக்க மருந்துக்காகத் தொண்டையில் குழாய் விடவே வழியிருக்காது, பிறகு யாரும் கத்தி வைக்கத் துணியமாட்டார்கள் என்றும் சொன்னார். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் கெட்டது. செய்துகொண்டால் மேசையிலேயே செத்துப்போவோமோ என்று ஒரு பயம். செய்யாவிட்டால் இப்படியே கிடந்து சாகவேண்டுமே என்று இன்னொரு பயம்.

மூன்றாவது பயத்தைச் சென்னியம்மாள் இப்போது கொண்டுவந்து வைத்தாள்.

"இடுப்புக்குக் கீழ இருக்கற தோலக் கொண்டாந்து கழுத்துல வெப்பாங்களா? தாலி படற எடமடா அது. தொடத்தோலு மேல தாலி கெடந்தா உன்ற ஆயுசு என்னாவறது?"

ராசப்பன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த நியாயத்தைப் பேசிய சென்னியம்மாள், கனத்த நகையால் தொங்கித் தோளைத் தொட்ட தன் காதுகளை ஆறு வருஷத்துக்கு முன் சேலத்தில்தான் அறுத்துத் தைத்துக்கொண்டு வந்தாள். புதுமோஸ்தர் வைரத்தோடு போடுவதற்காக. அது கத்தி இல்லையா, தையல் இல்லையா என்று கேட்கும் நாக்கு அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

முதுகிலோ கையிலோ தோல் எடுக்கட்டும், தொடையில் எடுத்தால் அந்தக் கழுத்தில் மறுபடி தாலி ஏறாது என்று அவள் தீர்ப்புச் சொன்னாள். ஆத்தூர்ப் பக்கம் உறவில் ஒரு பெண் இருப்பதையும் போகிற போக்கில் ஞாபகப்படுத்தினாள்.

செவ்வாய்க்கிழமை மூன்று பேருமாகப் போய் வார்டில் சேர்ந்தார்கள். மறுநாள் காலை டாக்டரிடம் சென்னியம்மாளே பேசினாள். அத்தனை அகலத்துக்குச் சீரான தோல் தொடையில்தான் கிடைக்கும், கையில் எடுத்தால் போதாது, முதுகில் எடுத்தால் இவள் எப்படிப் படுப்பாள் என்றார் அவர்.

"எங்க எடுத்தா என்னம்மா? எல்லாம் ஒரே உடம்புதானே," என்றார்.

"உங்களுக்கு ஒண்ணுங்க. எங்களுக்கு அப்படி இல்லீங்க."

டாக்டர் சம்மதத் தாளை ராசப்பனிடம் நீட்டினார். அவன் அதை வாங்கி மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"அம்மா சரின்னு சொல்லட்டுங்க," என்றான்.

வசந்தாமணிக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது. அவன் கையெழுத்துப் போடப் போவதில்லை. அடுத்த வருஷம் குழாய் விட வழியிருக்காது. கையை நீட்டி, தானே போட்டால் செல்லுமா என்று கேட்டாள். உதடு இழுபட்டதில் வார்த்தை குழறியது. டாக்டர் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, இருபத்துநாலு வயசு ஆகிறதே, தாராளமாகச் செல்லும் என்றார். தாளை மடியில் வைத்தார்கள். குனிந்தே கிடந்த தலைக்கு வாசிக்க வசதியாகத்தான் இருந்தது. ஒன்பதாவது வரை படித்தவள். எழுத்து கோணிக்கொண்டு போனாலும் பெயரை முழுதாக எழுதினாள்.

வார்டு ஆயா சின்னாயி தட்டோடு வந்து நகையெல்லாம் கழற்றச் சொன்னாள். வளையலும் மெட்டியும் தட்டில் விழுந்தன. சென்னியம்மாள் மருமகளுக்கு முன்னால் குறுக்கே வந்து நின்றாள்.

"தாலியத் தொடாத புள்ள. தொட்டியின்னா அதோட தீந்துது."

மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே இருந்த மடிப்பில், வேர்வையும் நிணமுமாக, புண் ஆறிய நாளாகத் தாலிக்கயிறு அறுத்துக்கொண்டு கிடந்தது. புருஷன் கண்ணெதிரே இருக்கும்போது தாலி கழற்றுவதா என்று வசந்தாமணி தயங்கினாள். அழுகை வந்தது. அழுதுகொண்டே மடிப்புக்குள் விரலை விட்டுத் தோண்டி அதை எடுத்தாள். தலைவழியே உருவி, மாமியாரின் கையைத் தேடிப் பிடித்து உள்ளங்கையில் வைத்தாள்.

"வெச்சிருங்கத்தை. இதப் போட்டுக்க மொதல்ல எனக்கொரு கழுத்து வேணுமில்லீங்களா."

சின்னாயியின் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் நடந்தாள். பின்னாலிருந்து ராசப்பன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். திரும்பிப் பார்க்க வேண்டுமானால் அவள் உடம்பு முழுவதையும் திருப்பியாக வேண்டும். அவள் திருப்பவில்லை.