ஜனாதிபதி ஆட்சியில் ஒரு கொட்டகை

1

“ஊரெல்லாம் ஜனாதிபதி ஆட்சி நடக்கு. நம்ம காம்பவுண்டுக்கு மட்டும் தலையில கொம்பா முளைச்சிருக்கு?”

“அண்ணாச்சி, அது வேற, நீங்க சொல்லுதது வேற.”

1976, தி.நகர். மதிலுக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த என் காதில் விழுந்த இந்த இரண்டு வரிதான் கதையின் மூலதனம். உலர்ந்த துணியையே மறுபடி உலர்த்தினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் குரல் பாத்திரக்கடை வெள்ளைத்துரை. இரண்டாவது, பள்ளியில் குடிமையியல் நடத்தும் பங்கஜம் டீச்சர். இருவரும் பக்கத்துக் காம்பவுண்டில் குடியிருந்த தெற்கத்திக்காரர்கள், சண்டையிலும் ‘அண்ணாச்சி’ குறையவில்லை.

2

(‘ஜனநாயகம் என்பது...’ என்று இந்தப் பகுதியைத் தொடங்கி அடித்துவிட்டேன். அந்த வருஷம் அப்படித் தொடங்கிய வாக்கியம் எதுவும் முடியவில்லை.)

அதுவரை அங்கே வீட்டுக்கு ஒருவராகக் கமிட்டி. கமிட்டி கூடி ஒருவரைத் தலைவராக்கும்; பிடிக்காவிட்டால் அடுத்த கூட்டத்திலேயே இறக்கிவிடும். ரேடியோவைச் சத்தமாக வைத்ததற்கே ஒருவருக்குப் பதவி போயிருக்கிறது. டில்லி மாநில அரசைக் கலைத்து, பேப்பரில் ‘ஜனாதிபதி ஆட்சி’ என்று கொட்டை எழுத்தில் வந்ததும் வெள்ளைத்துரைக்கு யோசனை பிறந்தது. குடியிருப்பவர் எல்லாரும் நேராக ஓட்டுப் போட்டு ஒரே தலைவர். இரண்டு வருஷம் யாரும் அசைக்கக் கூடாது.

டீச்சர் விளக்கிப் பார்த்தார். பேப்பரில் இருப்பது, ஓட்டில் வந்த அரசை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மேலிருந்து ஆள்வது. அமெரிக்காவில் இருப்பதோ ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தலைவரை அமர்த்துவது. பிடிக்கவில்லை என்பதற்காக அவரைச் சபை இறக்க முடியாது, குற்றம் செய்திருக்க வேண்டும்.* பெயர் ஒன்றானால் சங்கதியும் ஒன்றாகிவிடுமா?

ஆகிவிட்டது. வெள்ளைத்துரை ஜெயித்தார்.

* எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? மதில் அவ்வளவு உயரமில்லை.

3

முத்தம்மாவை உள்ளே கொண்டுவரத் தயக்கமாக இருக்கிறது. வந்தால் கதை அவளுடையதாகிவிடும். காம்பவுண்டைப் பெருக்குகிறவள், அதற்கு ஈடாகப் பின்பக்கக் கொட்டகையில் இருக்கிறவள். குடித்தனக்காரி இல்லை என்பதால் ஓட்டும் இல்லை. [ஓட்டு இருந்திருந்தால் யாருக்குப் போட்டிருப்பாள் என்று ஒரு பத்தி எழுதினேன். கிழித்துவிட்டேன்.]

தலைவரின் முதல் உத்தரவு, கொட்டகை இனித் தன் கடையின் அலுமினியப் பாத்திரங்களுக்கு என்பது. கமிட்டி கொதித்தது. ஆனால் அவரை இறக்கும் வழியை அவர்களே அடைத்திருந்தார்கள். பிரான்சில் தலைவரும் உண்டு, சபைக்குப் பதில் சொல்லும் பிரதமரும் உண்டு என்று டீச்சர் எடுத்துச் சொல்ல, அந்தப் பிரதமர் மாதிரி கமிட்டி அவரையே காரியதரிசி ஆக்கியது.

முத்தம்மா கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது தலைவர் கொட்டகையைப் பூட்டினார். பாத்திரம் உள்ளே போய்விடக் கூடாதென்று காரியதரிசி அதே கதவில் தன் பூட்டையும் போட்டார். என்னை எல்லாரும் தேர்ந்தெடுத்தார்கள் என்றார் அவர். என்னைக் கமிட்டி தேர்ந்தெடுத்தது என்றார் இவர். இரண்டும் உண்மைதான்.

முத்தம்மா திரும்பி வந்து கதவைப் பார்த்தாள்.

“இன்னா நைனா இது, ரெண்டு பூட்டு கீது. ரெண்டு பேரும் ஞாயமாத்தான் பூட்டிக்கிறீங்க. நான் எங்க போய்ப் படுக்கறது?”

வெள்ளைத்துரை காரியதரிசியைக் கை காட்டினார். டீச்சரின் குரல் இறங்கிவிட்டது.

“அவர் திறந்தா நான் திறக்கேன், முத்தம்மா.”

“இங்க யாருதான் சர்க்காரு, டீச்சரம்மா?”

குடிமையியல் பாடத்தில் இந்தக் கேள்வி இல்லை போலிருக்கிறது.

4

முடிவு அ: முத்தம்மா பூட்டை உடைக்கிறாள். (எங்கே உடைப்பது? எமர்ஜென்சி நடந்த அந்த மாதங்களில் போலீஸ் என்ற சொல்லே போதும்.)

முடிவு ஆ: கமிட்டி ஒன்றுகூடி, மனம் இளகி... (எனக்குக் கமிட்டியைத் தெரியும்.)

நடந்தது இதுதான். மாடிப்படிக்குக் கீழே சில நாள் ஒண்டிவிட்டு, சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் இருந்த தம்பி தங்கவேலின் குடிசைக்குப் போனாள். பிறகு அந்தக் குடிசைக்காரர்களையும் சர்க்கார் லாரியில் ஏற்றித் தரமணிக்கு அப்பால் இறக்கிவிட்டார்கள். அதற்கப்புறம் அவளைப் பற்றி எனக்கே தகவல் இல்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மறுவருஷம் தேர்தல் வந்தது, சர்க்கார் மாறியது. கொட்டகைப் பூட்டுகள் மாறவில்லை.

வெள்ளைத்துரையின் மகன் ஜவஹர், டீச்சரின் மகள் முத்துலட்சுமியைக் கட்டிக்கொண்டான். சம்பந்திகள் ஆனபின் எதற்குப் பூட்டினோம் என்பதே இருவருக்கும் மறந்துபோயிற்று. தம்பதி இரண்டு வீட்டுச் சாமான்களோடும் அடையாறுக்குக் குடி போனார்கள். நலம் விசாரிக்கப் போனவள் சமையலறை வரைக்கும் விசாரித்தேன். இரண்டு சாவியும் அங்கே ஒரே ஆணியில் தொங்குகின்றன.

முடிவு வேண்டுமென்பவர் அடையாறு போய் வாங்கிக்கொள்ளலாம். முத்தம்மாவின் பாயும் பானையும் கொட்டகைக்கு உள்ளேதான் இருக்கின்றன.