அம்மாவின் சிவப்புச் சட்டை

எங்கள் முட்டாரே ஊரில் மெதடிஸ்ட் பெண்கள் சங்கத்தில் யார் இறந்தாலும், சங்கத்தின் சிவப்புச் சட்டையைப் போட்டுத்தான் அடக்கம் செய்வார்கள். அம்மா இறந்த அன்று காலை அவர்கள் ஆறு பேர் வந்தார்கள்.

"எங்கடி அவ சட்டை?" என்று கேட்டாள் தலைவி சிகோவோரே.

"எரிச்சிட்டேன் அத்தை. அப்பவே."

பெந்தெகோஸ்தே சபையில் நான் சேர்ந்த புதிதில், அந்தச் சட்டை விக்கிரகம் என்று எங்கள் பாஸ்டர் சொன்னார். நான் வீட்டில் பேயாட்டம் ஆடினேன். "அதைப் போட்டுக்கிட்டு நீ பரலோகம் வரமாட்டேம்மா!" மூன்றே வருடத்தில் அந்த பாஸ்டரோடு சண்டை போட்டு வெளியேறினேன். இப்போது கத்தோலிக்கக் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுகிறேன். அம்மா ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை.

"பாவி! அவ எப்படிடி விட்டா?"

தலைவி ஒரு துணியைப் போர்த்திக்கொண்டு தன் சிவப்புச் சட்டையைக் கழற்றினாள். அம்மாவுக்குப் போட்டபோது அது தொளதொளவென்று இருந்தது. பொத்தான்களை என்னையே போடச் சொன்னாள்.

முதல் பொத்தான் விரல்களிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. அம்மாவின் சட்டையை எரித்த அன்றும் என் கை இப்படித்தான் தடுமாறியது, தீக்குச்சி பற்றவேயில்லை. அம்மாதான் சமையலறையிலிருந்து வந்து, "கையச் சுட்டுக்கப் போற, குடு" என்று வாங்கிப் பற்றவைத்துத் தந்தாள்.