பின் பாயில் நின்றவள்

எனக்குக் கோபம் வந்தால் பொங்குகிற பால்கூட அடங்கிவிடும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அன்றைக்கு வந்தது அந்த மாதிரிக் கோபம்.

மகன் தவ்பீக் தன்னைப் பெற்ற அத்தாவின் எதிரிலேயே சொன்னான். "தொழுகையில எத்தினி ரக்அத் ஆச்சுங்கற கணக்கே அவருக்கு நிக்க மாட்டேங்குதும்மா. மறதிக்காரருக்குத் தொழுகை கடமை இல்லன்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லிட்டாரு. நீ தனியா தொழுதுக்க."

"வாய மூட்றா. அவுரு இன்னா செவுடா?" என்றேன். அவன் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டான்.

என் வீட்டுக்காரர் சுக்கூர் வில்லியனூரில் பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டியவர். போன வருஷம் மறதி நோய் வந்தது. பள்ளிவாசலுக்குப் போனவர் வழி தெரியாமல் அரியூர் ரோட்டில் நின்றார். அதிலிருந்து வீட்டிலேயே தொழுகை. அவர் முன்னால் நின்று நடத்துவார், நான் பின்னால். நடத்துகிறவர் தவறினால் பின்னால் நிற்கும் பெண் பேசக்கூடாது, இடது புறங்கையில் தட்ட வேண்டும். தட்டுவேன், திருத்திக்கொள்வார். முந்தின நாள் ஒரே தொழுகையில் பல தடவை தட்டும்படி ஆகிவிட்டது. அதைத்தான் தவ்பீக் பார்த்துவிட்டான்.

பிற்பகல் அசர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. முன்னும் பின்னுமாக இரண்டு தொழுகைப் பாயையும் விரித்தேன். அவர் கட்டிலைவிட்டு எழவில்லை.

"நீ தொழு ஜைத்தூன். என்னால உன் தொழுகையும் கெட்டுப்போவுது."

"அது எனக்கும் அல்லாவுக்கும் உள்ள பாடு. எழுந்திரிங்க."

"கடமை இல்லன்னுட்டாங்களே."

"பேரப்புள்ளயத் தூக்கிக் கொஞ்சறீங்களே, அது கடமையா? இத்தினி வருசமா கடமைக்கா அல்லா எதுருல நின்னீங்க? தொழுகையில மறந்தா பண்றதுக்குன்னே, நெத்தியத் தரையில வெச்சு, ரெண்டு சஜ்தா வெச்சிருக்கான். மனுசன் மறப்பான்னு தெரிஞ்சுதான வெச்சான்? மறந்தவன் என் எதுருல வராதன்னு சொன்னானா?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அழுதாரோ என்னவோ. அதற்காக விட்டுவிடுகிற ஆளா நான்? பின் பாயில் போய் நின்றேன்.

"நீங்க முன்னால நிக்காம நான் தக்பீர் சொல்லிக் கை கட்ட மாட்டேன். வேள தப்புனா தப்பட்டும்."

முற்றத்து வெயில் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. உண்மையிலேயே தப்பிவிடுமோ என்று வெயிலைப் பார்த்தேன். ஆனாலும் நகரவில்லை.

கட்டில் முனகியது. அவர் வந்து முன் பாயில் நின்று, "அல்லாஹு அக்பர்" என்றார்.

நின்றுவிட்டாரே என்று சந்தோஷம், தவறிவிடுவாரோ என்று பயம். அவர் முதுகையே பார்த்து எண்ணிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் தவ்பீக்கை என்ன கேட்கலாம் என்றும் மனசு ஓடியது. நின்று ஓதி, குனிந்து, நெற்றி வைத்து முடிப்பது ஒரு ரக்அத்; அசருக்கு நான்கு. நான்கும் முடிந்து உட்கார வேண்டியவர் எழுந்து நின்றார். தட்டினேன். அசையவில்லை. பலமாகத் தட்டினேன். அவர் பாட்டுக்கு ஓதினார், குனிந்தார், நெற்றியைத் தரையில் வைத்தார், உட்கார்ந்து ஸலாம் கொடுத்து முடித்தார்.

பிறகு திரும்பிப் பார்த்தார். "மூணு முடிச்சி நாலாவதுக்கு எழுந்தா ஏன்டி தட்டுன?"

மனசுக்குள் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி.

"நெனப்பு எங்க இருந்துச்சு?"

"உங்க முதுகுலதான்" என்றேன்.

"முதுகுல இன்னா இருக்குது? சஜ்தா பண்ற எடத்தப் பாரு. நான் மறந்தா அல்லாகிட்ட நான் பேசிக்கறேன்."

பாயை அவரே மடித்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். அப்புறம் என்னிடம் நீட்டினார்.

"பொழுது சாஞ்சதும் மக்ரிபுக்குக் கூப்டு. மறந்துடுவேன்."